இரும்புத் தவளை

அறையில் மொத்தம் நான்கு பேர். சன்னலோரம் குவஹாரா, அவள் முன்னால் வெற்றுக் கடிதத்தாளும், மூடி திறந்த பேனாவும். அவளுக்கு வலப்பக்கம், குளிர்காய வைத்த மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கம் காலை நீட்டியபடி தனபே. கதவை ஒட்டிய முக்காலியில் எபினா. முதலாளி படியேறும் சத்தம் கேட்டால் இருமவேண்டியது அவன் பொறுப்பு. மூலையில், சுவரைப் பார்த்துத் திரும்பிய நாற்காலியில் நிஷிவாகி. காலையிலிருந்து கமலா ஆரஞ்சு உரிப்பதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை.

வேலை நேரம்தான். ஆனால் கைமாறிக் கைமாறிச் சுற்றியது, அவர்கள் நிறுவனமே செய்து விற்கும் உள்ளங்கையளவு விளையாட்டுக் கருவி ஒன்று. அதன் சாம்பல் நிறத் திரையில், கோட்டைக் கிணற்றின் அடியில், இரும்புத் தவளை உட்கார்ந்திருந்தது.

"போச்சு!" தனபே கருவியை மடியில் போட்டாள். "நாக்க நீட்டுச்சுன்னா குதிக்கவே விடமாட்டேங்குது. முப்பத்தொண்ணாவது சாவு."

"முப்பத்திரெண்டு," என்றாள் குவஹாரா. ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அகிதாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தால். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மிசுஹோ எழுதியிருந்தாள்: 'அன்புள்ள குவஹாரா அக்கா, பனிப்பாம்பை ஜெயிக்க நீங்கள் சொன்ன வழி பலித்தது. இப்போது இரும்புத் தவளையிடம் மாட்டிக்கொண்டேன். அதை யாராலும் ஜெயிக்க முடியாது என்கிறான் என் வகுப்பு தெப்பே. அக்காவுக்கு நிச்சயம் தெரியும் என்று பந்தயம் கட்டிவிட்டேன். திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஒரு மாதம் நான் அவனுடைய பள்ளிப்பையைச் சுமக்கவேண்டும்.'

விளையாடும் பிள்ளைகள் நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் எதற்கும் ஒன்பது வருடங்களாகக் குவஹாரா பதில் போடாமல் இருந்ததில்லை. கியோத்தோவிலிருந்து திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டுமென்றால் இன்று நாலரை மணித் தபாலை விடக்கூடாது. இப்போது மணி நான்கு.

"இதச் செஞ்ச புண்ணியவான் மட்டும் என் கையில கிடைக்கட்டும்," என்று பல்லைக் கடித்தாள் தனபே. "அடுப்புமேல கெட்டில்ல கொதிக்கிற தண்ணிய அப்படியே அவன் தலையில ஊத்துறேன்."

எபினா களுக்கென்று சிரித்தான். நிஷிவாகியின் காதுமடல்கள் சிவந்தன.

"எனக்கு அது மூணே அடியில செத்துதே," என்று சுவரிடம் முனகினார்.

"சும்மா இருங்க சார்," என்றாள் தனபே. "உங்ககிட்ட இருந்தது சோதிச்சுப் பார்க்கறதுக்குன்னு செஞ்சது, அதுல சாகாவரம் இருந்துச்சு. இது கடையில வாங்கினது!"

அப்போதுதான் எபினா இருமினான். சிரித்துக்கொண்டிருந்ததில் தாமதமாகிவிட்டது, கதவு திறந்து முதலாளி ஷிமோடா நின்றார். தனபே கருவியைத் தான் உட்காரும் மெத்தைக்கு அடியில் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டாள். கருவியில் ஒலித்துக்கொண்டிருந்த தவளையின் பாட்டை நிறுத்த மறந்துவிட்டாள்.

"அந்த மெத்தை ஏன் பாடுது?" என்றார் ஷிமோடா.

தனபே மெல்ல எழுந்து நின்றாள். அவரே குனிந்து கருவியை இழுத்தெடுத்தார். திரையைப் பார்த்தார், குவஹாராவின் கோடுகளைப் பார்த்தார், மிசுஹோவின் கடிதத்தை முழுக்கப் படித்தார்.

"ஒரு தவளை. அதுக்கு நாலு பேரா? தள்ளுங்க." மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

நாற்பது விநாடி. கிணற்றடியில் வீரன் மல்லாந்தான். குவஹாராவின் கை பழக்கதோஷத்தில் முப்பத்துமூன்றாவது கோட்டைப் போட்டது.

ஷிமோடா மேல்சட்டையை மாட்டிக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. "நமக்கும் தெரியலம்மான்னு எழுதிடலாமா?"

"எழுதலாம் ஐயா," என்றாள் குவஹாரா. "அந்தப் பொண்ணுதான் ஒரு மாசம் பை தூக்கும்."

மணி நான்கு பத்து. குவஹாரா ஒருகணம் சன்னலைப் பார்த்தாள். பிறகு பேனா ஓடத் தொடங்கியது. எழுதி முடித்து, வழக்கம்போல ஒருமுறை உரக்கப் படித்தாள்:

'அன்புள்ள மிசுஹோ, இரும்புத் தவளையை இங்கே எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். இன்று மட்டும் முப்பத்துமூன்று முறை அதைப் பார்த்தோம். வழியை நான் சொல்லிவிட்டால் உன் வெற்றியில் பாதி என்னுடையதாகிவிடும். அது எனக்கு வேண்டாம். நீயே ஜெயித்து, எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினாய் என்று ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. தவளை நாக்கை நீட்டும்போது என்ன செய்தாய் என்பதை மறக்காதே. சரிதானா என்று செய்துபார்த்துச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தெப்பேவுக்கும் படித்துக் காட்டலாம்.'

"அடேயப்பா!" என்றார் ஷிமோடா. "பொய்னு ஒரு வரி இல்லையே!"

"கடுதாசியில நான் பொய் எழுதறதில்ல ஐயா."

தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டாள். விளிம்பில் பசை தடவி, விரலால் இரண்டுமுறை நீவினாள். தபால்தலையை ஒட்டிக்கொண்டே படியிறங்கினாள்.

தெருமுனைச் சிவப்புப் பெட்டியருகே தபால்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். குவஹாரா உறையை உள்ளே போட்டாள். அது அடியில் விழுந்த சத்தம் கேட்டது.

பின்னாலேயே, கையில் பாதி உரித்த ஆரஞ்சோடு, அறைக்குள் போடும் செருப்பைக்கூட மாற்றாமல் நிஷிவாகி ஓடிவந்து நின்றார்.

"அந்தத் தவளையச் செஞ்சதே நான்தான்னு அதுல எங்கயும் எழுதிடலையே?"