பதினாலாவது ஷரத்து

"ஏம்மா, நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

வெங்கடகிருஷ்ணன் போனில் குரலை உயர்த்துவது அபூர்வம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவர். பேச்சும் அந்த வேலைக்கேற்ற மாதிரி அடக்கமாகத்தான் இருக்கும்.

"தெரியும் சார்" என்றாள் மறுமுனையில் வீணா.

பழைய கேஸ் ஃபைல்களை ஸ்கேன் செய்து பத்திரமாக வைக்கும் வேலையை ஆஸ்பத்திரி, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. அங்கே அத்தனை ஃபைலும் வீணா பொறுப்பு.

விஷயம் இதுதான். அவர் மகள் ஸ்னேஹாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் ரித்விக். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் பையனின் மாமா அச்யுத், இதே ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர். எல்லாம் கூடி வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

இந்த நேரம் பார்த்து, பையன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கேயே நாலு நாள் அட்மிட் ஆகியிருந்தான் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். எதற்கு என்று தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு அதற்கப்புறம் தூக்கம் ஏது?

ஒரு நிமிஷம் ஃபைலைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று முதலில் நயமாகத்தான் கேட்டார். முடியாது என்றுவிட்டாள். ட்ரீட்மென்ட் பார்க்கும் டாக்டர் எழுதிக் கேட்டால்தான் திறக்கலாமாம். கான்ட்ராக்டில் பதினாலாவது ஷரத்து.

"அந்தக் கான்ட்ராக்டை எழுதினதே நான்தாம்மா."

"ஆமா சார். ட்ரெய்னிங் குடுக்கறப்போ நீங்கதான் சொன்னீங்க, 'நாளைக்கு நானே கேட்டாலும் குடுக்கக் கூடாது'ன்னு."

சொன்னது வாஸ்தவம். அன்றைக்கு அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

அடுத்த மாதம் கான்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிப்பது தன் கையில்தான் இருக்கிறது என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தார். இந்த ஒரு கான்ட்ராக்டை நம்பித்தான் அந்தக் கம்பெனியே ஓடுகிறது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

வீணா குரலை மாற்றாமல் சொன்னாள்.

"அது உங்க இஷ்டம் சார். திங்கட்கிழமை ரிப்போர்ட்ல உங்க பேரையும் எழுதணும். கோச்சுக்காதீங்க."

முறையில்லாமல் ஃபைல் கேட்டவர்கள் யார் யார் என்று வாரா வாரம் அவருக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்பதும் அதே பதினாலாவது ஷரத்துதான்.

ஓசூர் ரோடு டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் கொதித்துவிட்டு, மீதியை வீட்டில் வந்து மனைவியிடம் கொட்டினார். எனக்கே சட்டம் பேசறா என்றார். அந்தக் கம்பெனியை மாற்றாமல் விடப்போவதில்லை என்றார்.

ஸ்ரீலக்ஷ்மி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, நம்ம ஸ்னேஹா போன வருஷம் மனசு சரியில்லேன்னு உங்க ஆஸ்பத்திரியிலேயே ஆறு மாசம் ட்ரீட்மென்ட் எடுத்துண்டாளே. அதை நாம அவாகிட்டே சொன்னோமா?"

"அது வேற விஷயம். அவளுக்குத்தான் எல்லாம் சரியாப் போயிடுத்தே."

ஸ்ரீலக்ஷ்மி காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை, வேறு நாலு கம்பெனிகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் மெயிலைத் திறந்தார். வீணாவின் ரிப்போர்ட் வந்திருந்தது. அதில் ரெண்டே பெயர்கள்.

ரெண்டாவது அவருடையது. வெள்ளிக்கிழமை, ரித்விக்கின் ஃபைலைக் கேட்டார், கொடுக்கவில்லை என்று பச்சையாக எழுதியிருந்தாள். உடனே அந்த நாலு கம்பெனிகளில் ஒன்றுக்குப் போன் போட நம்பரையும் அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் முதல் பெயர் கண்ணில் பட்டது.

செவ்வாய்க்கிழமை. கேட்டவர், டாக்டர் அச்யுத். கேட்ட ஃபைல், ஸ்னேஹா வெங்கடகிருஷ்ணன். கொடுக்கவில்லை.