பல்லி இருக்கட்டும்

அவள் சமையலறைக்குள் போய் உட்பக்கம் தாழிட்டுக்கொண்டாள்.

பல்லி டியூப்லைட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைப் பார்க்க உட்கார்ந்தாள். உள்ளங்கை அதற்குள் வேர்த்துவிட்டது.

பயம் ஏறும் என்றிருந்தார் மனநல மருத்துவர். உச்சிக்குப் போகும். பிறகு தானாக இறங்கும். அதுவரை நீங்களும் ஓடக் கூடாது, பல்லியையும் விரட்டக் கூடாது. முதலில் படத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ரப்பர் பல்லியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது உயிருள்ளது.

படமும் ரப்பரும் எப்படியோ முடிந்தன. உயிருள்ளதைத்தான் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை.

காரணம் தனபால். அவள் கணவன்.

நேற்று அவள் நடுங்கி உட்கார்ந்து, நடுக்கம் அடங்கத் தொடங்கிய நேரம் பார்த்துத் துடைப்பத்தோடு வந்தான். பல்லியை ஜன்னல் வழியே தள்ளிவிட்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான். முந்தின நாளும் இதே கதை. பல்லி வராமலிருக்க அவன் மாட்டிய மயிலிறகை அவள் கழற்றி வீசினால், மறுநாள் அதே ஆணியில் வேறொன்று தொங்குகிறது. அலமாரி மூலைகளில் அவன் வைக்கும் முட்டை ஓடுகளை அவள் பொறுக்கி எறிய எறிய, அவனுக்கு ஆம்லெட் மேல் ஆசை கூடிக்கொண்டே போகிறது.

மருத்துவர் அவனையும் கூப்பிட்டுச் சொன்னார். நன்றாகத் தலையாட்டினான். வரும் வழியில் புதுத் துடைப்பம் வாங்கினான்.

திங்கட்கிழமை அவள் வங்கியின் தென்காசிக் கிளையில் மேலாளராகச் சேர வேண்டும். தனியாகத் தங்க வேண்டும். ஓட்டு வீடு. பதவி உயர்வு முன்பும் வந்ததுதான். ஒவ்வொரு முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள்.

ஒவ்வொரு முறையும் தனபால் அல்வா வாங்கி வந்தான்.

கதவு தட்டப்பட்டது.

"எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும்மா. நான் பாத்துக்கறேன்."

பல்லி ஒரு சாண் நகர்ந்தது. நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"கதவத் தொறம்மா. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

துடைப்பக் குச்சிகள் கதவில் உரசிக்கொண்டே இருந்தன. பிடித்திருந்த கை நிலையாக இல்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தவள் நிறுத்தினாள்.

பல்லியை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

"அதக் கீழ வச்சிட்டு அங்கயே உக்காருங்க," என்றாள். "ஏறும். அப்புறம் தானா எறங்கும்."

உரசல் நின்றது.



பிறகு பல்லி சத்தமிட்டது.

பல்லி சொன்னால், ஆமோதித்துத் தரையை விரலால் தட்டுவது தனபால் வீட்டுப் பழக்கம்.

கதவுக்கு வெளியே, தாழ்வாக, தட்டும் சத்தம் கேட்டது.