வளைவுக்கு ஒரு எழுத்து

சாக்ஸுக்கு இங்கிலீஷ்ல எக்ஸ் வரும்னு ஒரு பஸ் கண்டக்டர் அடிச்சுச் சொன்னா, கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? என்னால முடியலை. தாலுகா ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் டிராஃப்ட் எழுதுன கை இது.

அன்னைக்கு நான் இருந்த நெலமையே வேற. பழனியில இருந்து கொடைக்கானல் பஸ். ஒரு கையில எலுமிச்சம்பழம், இன்னொரு கையில வாந்தி எடுக்கக் கவர். மலை ஏறுனா எனக்குக் குடலே வெளிய வந்துரும்.

என் மக புவனாவுக்குக் கொடைக்கானல்ல ஒரு எடம் பார்த்திருந்தோம். பையன் தங்கமானவன். அதுக்கு முந்துன மாசம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனப்ப, பஸ்ஸை விட்டு எறங்கும்போதே நான் பாதி உசுரு. அவங்க எலை போட்டு வடை, பாயசம் எல்லாம் வெச்சாங்க. சாம்பார் வாடை பட்டதுமே குமட்டிக்கிட்டு வந்துச்சு. "வேண்டாங்க"ன்னு எந்திரிச்சுட்டேன்.

நம்ம பக்கம் சம்பந்தம் பிடிச்சாத்தானே கை நனைப்பாங்க? "பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்ல போல"ன்னு அவங்க மூஞ்சி சுருங்கிருச்சு. புவனா ஒரு வாரம் என்கூடப் பேசலை.

அன்னைக்கு மறுபடியும் கூப்பிட்டிருந்தாங்க. அன்னைக்கும் எலையில கை வெக்கலைன்னா அந்த எடம் போச்சு.

இந்த மானங்கெட்ட கதை பூராத்தையும் என் வீட்டுக்காரி ஜோதிமணி பழனி பஸ் ஸ்டாண்டுலயே கண்டக்டர்கிட்ட ஒப்பிச்சுட்டா. "தம்பி, இவுக இன்னைக்குச் சம்பந்தி வீட்டுல கை நனைச்சே ஆகணும். முன் சீட்டாப் பார்த்துக் குடுங்க."

அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு டிக்கெட்டைக் கிழிச்சான்.

மொத வளைவு வந்துச்சு. எலுமிச்சையை மூக்குல வெச்சேன்.

"எல்லாரும் கேளுங்கப்பா!"ன்னு கத்துனான் கண்டக்டர். "வளைவுக்கு ஒரு எழுத்து. அந்த எழுத்து எங்கயாச்சும் வர்ற இங்கிலீஷ் வார்த்தை சொல்லணும். இந்த வளைவுக்கு எக்ஸ்!"

"டாக்ஸி!"ன்னாரு ஸ்வெட்டர் கடை தஸ்தகீர் பாய்.

"மிக்ஸி!" பூண்டு மூட்டையோட உட்கார்ந்திருந்த பாப்பம்மாள். அது நம்மூரு இங்கிலீஷ், போகட்டும்னு விட்டேன்.

"சாக்ஸ்!"ன்னான் கண்டக்டர்.

"யோவ், சாக்ஸுல எங்கய்யா எக்ஸ் இருக்கு?"

"எக்ஸ் இல்லாம சாக்ஸ் எப்படி சார் வரும்? தேங்க்ஸ், பிரேக்ஸ், எல்லாத்துலயும் எக்ஸ்தான்."

"எதுலயுமே இல்லைய்யா!"

"சரி விடுங்க. அடுத்த வளைவுக்கு இசட். ஜிலேபி!"

"ஜிலேபி இங்கிலீஷாய்யா?"

"ஏன் சார், வெள்ளைக்காரன் தின்ன மாட்டானா?"

பஸ்ஸே சிரிக்குது. எனக்குக் கோபம் மூக்கு மேல. எலுமிச்சை எந்தப் பக்கம் உருண்டுச்சுன்னே தெரியலை.

"ஜூ! அதுல இருக்குய்யா இசட்!"ன்னு சீட்டுல திரும்பி உட்கார்ந்து பாடம் எடுத்தேன்.

"அடுத்தது கியூ. குவார்ட்டர்!"

"அது... சரிதான்."

"பார்த்தீங்களா, தெரிஞ்ச சப்ஜெக்ட்னா நமக்குத் தப்பே வராது சார்!"

சவரிக்காடு தாண்டுச்சு. வடகவுஞ்சி தாண்டுச்சு. அவன் தப்பு தப்பாச் சொல்றான், நான் தொண்டை வறளத் திருத்துறேன். இவன் மேல டிப்போவுக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் தட்டிவிடணும்னு மனசுக்குள்ள டிராஃப்டே போட ஆரம்பிச்சுட்டேன்.

பெருமாள்மலை பக்கம் வந்ததும் அந்த ஆளு இடுப்புல கையை வெச்சுக்கிட்டான். "இது கடைசி. எக்ஸும் கியூவும் ரெண்டுமே ஒரே வார்த்தையில வரணும். இந்தப் பஸ்ஸுல ஒருத்தராலயும் முடியாது."

முடியாதா? யார்கிட்ட? கண்ணை மூடினேன். எத்தனை வளைவு போச்சுன்னு தெரியாது.

"எக்ஸ்க்விசிட்!"

எந்திரிச்சு நின்னு கத்திட்டேன். ஒரு தாசில்தார் பிரிவு உபசாரத்துக்கு நான் எழுதுன வார்த்தை அது.

"அப்படின்னா என்னங்கய்யா?"ன்னு பாப்பம்மாள் கேட்டா.

"ரொம்ப அருமையானதுன்னு அர்த்தம்மா."

பஸ்ஸே கை தட்டுச்சு. பாப்பம்மாள் ஒரு கட்டுப் பூண்டைப் பரிசாக் குடுத்தா.

கொடைக்கானல்ல எறங்குனதும் மொத வேலையாப் பேனாவை எடுத்தேன்.

"உன் பேரு என்னய்யா? பயணிகளை நிம்மதியா உட்கார விடலைன்னு டிப்போவுக்கு எழுதப் போறேன்."

"ஜெயமுருகன் சார். தாராளமா எழுதுங்க." கையை நீட்டுனான். "அந்தக் கவரை மட்டும் குடுத்துட்டுப் போங்க. அடுத்த டிரிப்புல யாருக்காச்சும் ஆகும்."

அப்பத்தான் என் கையைப் பார்த்தேன். கவர் மடிச்சது மடிச்சபடியே இருக்கு. வயித்தைத் தொட்டுப் பார்த்தேன். கபகபன்னு பசிக்குது.

ஜோதிமணி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

"அப்போ... அந்த சாக்ஸ்?"

"நான் சரியாச் சொல்லியிருந்தா நீங்க பேசாம உட்கார்ந்திருப்பீங்க சார். பேசாம உட்கார்ந்தா வயித்துக்கு ஞாபகம் வந்துரும்." விசிலை வாயில வெச்சவன் மறுபடி எடுத்தான். "வெரசாப் போங்க. மொதல்ல கை நனைங்க. கம்ப்ளெயிண்டைச் சாப்பிட்டுட்டு எழுதலாம்."

அன்னைக்குச் சம்பந்தி வீட்டுல பாயசமே மூணு தடவை வாங்கிக் குடிச்சேன். அப்புறம் டிப்போவுக்கு லெட்டர் எழுதத்தான் செஞ்சேன்.

மொத வார்த்தையே எக்ஸ்க்விசிட்.