தொப்பியர் நேரம்

"ஒவ்வொரு நாளும் இந்தத் தொப்பியைப் போட என்னால ஏலாது, பிள்ளை," என்றார் சூசைதாசன்.

"நீங்கள் போடாட்டி அம்மா ஒரு வாயும் சாப்பிடமாட்டா, அப்பா," என்று மகள் நடாலி ஒட்டுமீசையை நீட்டினாள்.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகருக்குத் தமிழ்த் தொலைக்காட்சி வந்த புதிதில், சனிக்கிழமைதோறும் தொப்பியர் என்ற நகைச்சுவை நடிகரின் பல்சுவை நிகழ்ச்சி வரும். மனைவி புஷ்பமலரின் மறதி நோய் அதை மட்டும் விட்டுவைத்திருந்தது.

சூசைதாசன் மீசையை ஒட்டிக்கொண்டு தொப்பியரின் பழைய பகிடிகளைச் சொன்னார். தொப்பியைச் சுழற்றி ஆடினார். மனைவி குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்கச் சோறு ஊட்டினார்.

"நீங்கள் வந்தால்தான் எனக்குச் சந்தோசம்," என்றாள் அவள்.

அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. மீசையைப் பிய்க்கக் கையைக் கொண்டுபோனார். "புஷ்பம், இஞ்ச பார்..."

அவள் பதறிப்போய் வாசலைப் பார்த்தாள்.

"கெதியாய் வெளிக்கிடுங்கோ. என்ர மனுசன் வேலையால வாற நேரம். உங்களைக் கண்டாலே எரிஞ்சு விழுந்து ரீவியை நிப்பாட்டிப்போடுவார். நான் சிரிக்கிறது அந்தாளுக்குப் பிடிக்காது."

பிய்க்கப்போன கை, மீசையை இன்னும் அழுத்தி ஒட்டியது.