ஹட் பே ஸ்டேஷன்

மீன் குழம்புக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்த ஜெயமணி அப்படியே நின்றுவிட்டாள். கூடம் முழுக்கப் பொம்மை ரயில் தண்டவாளம். அட்டைப்பெட்டி ஸ்டேஷனில் ‘ஹட் பே’ என்று அவர்கள் ஊர்ப் பெயரை எழுதியிருந்தது. ரயில் பெட்டியின் வாசலுக்கு ஐஸ் குச்சியில் ஓர் ஏணி. தேவேந்திரன் குப்புறப் படுத்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

“தொட்டில்ல தூங்குற புள்ளைக்கு இன்னும் ஒரு வயசு ஆகல. அதுக்குள்ள இது எதுக்கு தம்பி?”

“புள்ளைக்கு இல்லக்கா.”

“அப்ப உனக்கா? நல்லா இருக்கு.”

“கொஞ்சம் இருங்கக்கா” என்றாள் அவன் மனைவி பானு, தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏங்க, எதிர்ல எக்ஸ்பிரஸ் வருதுன்னு வெச்சுக்குங்க. உங்க வண்டியை ரெண்டாவது லைன்ல நிறுத்துங்க.”

அவன் நிறுத்தினான். ஜெயமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“குடும்பம் நடத்துற வயசுல ரெண்டு பேருக்கும் இதென்ன கூத்து?”

பானு அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

“போர்ட் பிளேர்ல எழுதின ரயில்வே பரீட்சையில நான் பாஸாயிட்டேன்க்கா. ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. அடுத்த டெஸ்டுக்கு சனிக்கிழமை கப்பல்ல சென்னைக்குப் போறேன். நாங்க ரெண்டு பேரும் இந்தத் தீவுலயே பிறந்தவங்க. ரயிலை நேர்ல பார்த்ததே இல்ல.”

ஜெயமணி விருதுநகர் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்தவள். கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ரயில் உங்க கப்பல் மாதிரி காத்துக்கிட்டு இருக்காது, ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்” என்றாள். “மொதல்ல இந்தக் கப்பல் ஏணியை எடு, ஸ்டேஷன் மாஸ்டரம்மா.”