இரண்டு பேர் கையிலும் பஞ்சு

"கையை மறைச்சுக்கிட்டா எனக்குத் தெரியாதா? பஞ்சு ஒட்டியிருக்கே, அது என்னடி?"

அக்காவுக்குக் கோபம் வந்தால் ஆஸ்பத்திரி என்றெல்லாம் பார்க்க மாட்டாள். லேப் வாசலில் தங்கையையும் அவள் புருஷனையும் கையும் களவுமாகப் பிடித்து, வார்டுக்கே இழுத்து வந்துவிட்டாள். அங்கே கட்டிலில் அக்காவின் பன்னிரண்டு வயது மகளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையிலிருந்தே மாதா மாதம் ரத்தம் ஏற்றினால்தான் தாங்கும் உடம்பு.

"குழந்தை பெத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்தான்க்கா. எங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்தக் கோளாறு இருக்கான்னு..."

"இருந்தா? இவளை மாதிரி ஒண்ணு வந்துடக் கூடாது, அப்படித்தானே?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவளை மடியில போட்டு வளர்த்தவ நீ. அந்தக் கொஞ்சலெல்லாம் வேஷமா? என் பொண்ணு உனக்கே வேண்டாதவளாயிட்டா, ஊர்ல நாலு பேர் பேசறதை நான் என்னன்னு கேட்கறது?"

"அப்படி இல்லைங்க அண்ணி, இந்த டெஸ்ட்டை எடுக்கச் சொன்னதே..." என்று புருஷன் ஆரம்பித்தான். தங்கை அவன் கையை அழுத்தினாள்.

"அவர் வாயை ஏன் அடைக்கறே? உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

வார்டே வேடிக்கை பார்த்தது. ஒருவர் குறுக்கே வரவில்லை. அடுத்தவர் சண்டை என்றால் நமக்குக் காதுதானே நீளும்.

தங்கை அக்கா மகளின் தலையைத் தடவிவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"பார்த்தியா, வாயைத் திறந்தாளா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் அக்கா, தன் மகளிடம். கோபத்தில் இன்னும் மூச்சு வாங்கியது.

"சித்தியைத் திட்டாதம்மா. டெஸ்ட் எடுக்கச் சொன்னது நான்தான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீயா? ஏன்டி? உன்னைப் பெத்ததுக்கு நான் என்னைக்காவது வருத்தப்பட்டிருக்கேனா?"

"இல்லம்மா. ஆனா ஊசி குத்தறப்ப நீ பார்க்க முடியாம வெளியே போயிடறே. எப்படி வலிக்கும்னு சித்திகிட்ட மட்டும்தானே என்னால சொல்ல முடிஞ்சுது."