முளைப்பாரி அறையில் பிளேட்டோ

"உள்ள நடக்குறத உன் புருஷன்கிட்ட சொன்னியா இல்லையா? அத மட்டும் சொல்லு நளினி!"

ராஜம்மா போட்ட சத்தத்தில் ரெம்பியா மாரியம்மன் கோயிலே கிடுகிடுத்தது. நவதானிய முளை வளரும் முளைப்பாரி அறைக்கு அவள்தான் தலைவி. ஆண்கள் எட்டிப் பார்க்கக்கூடாத அந்த இருட்டறையில் நடப்பதை வெளியே மூச்சுவிட்டவள் பாரி தூக்க முடியாது. அது அவள் சட்டம்.

"சத்தியமா சொல்லலக்கா." நளினிக்கு அழுகை முட்டியது. மூன்று வயதாகியும் பேச்சு வராத மகளுக்காக வேண்டிக்கொண்டு, ஒன்பது நாள் தண்ணீர் தெளித்து வளர்த்த பாரி. நாளைக்கு ஊர்வலம்.

"அப்புறம் எப்படிலா இவனுக்குத் தெரிஞ்சுச்சு?"

ராஜம்மா கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். நளினியின் கணவன், கல்லூரியில் தத்துவம் நடத்தும் தனேஷ், தெங்கேராவில் நடந்த கூட்டம் ஒன்றில் கிரேக்கர்களின் ரகசிய வழிபாட்டைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தான். "விரதமிருந்து உள்ளே போவார்கள். இருட்டில் ஒவ்வொருவரும் தன் பெரிய பயத்தைத் தானிய முளையிடம் சொல்வார்கள். பிறகு ஒற்றை விளக்கு எரியும். பிளேட்டோ தன் தத்துவத்துக்கே இந்தச் சடங்கிலிருந்து சொற்களை எடுத்தார்!"

"இது அப்படியே நம்ம அறை!" என்றாள் ராஜம்மா.

பக்கத்தில் நின்ற தனேஷ் தடித்த புத்தகத்தை நீட்டினான். "அக்கா, இது ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால நடந்தது. புக்குல இருக்கு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு காதுல பூ சுத்துறியா?"

"கொடுலா, நான் படிக்கிறேன்." ராஜம்மாவின் கணவர் மருதமுத்து வெடுக்கென்று வாங்கினார். கோயில் தலைவரும் அவர்தான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு விரலால் வரிகளைத் தடவினார். "ஆமா, விரதம், இருட்டு, பயம், விளக்கு... எல்லாம் அச்சு அசலா போட்டிருக்கு."

ராஜம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ அந்தப் பெரிய படிப்பாளிங்களும் நம்மள மாதிரி உள்ள உட்கார்ந்து எழுந்துதான் யோசிச்சாங்களா?"

"ஆமாக்கா. சாவுக்குப் பயப்படாம இருக்கக் கத்துக்கிறதுதான் தத்துவம்னு அவங்களும் சொன்னாங்க" என்றான் தனேஷ்.

ராஜம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நளினியின் கன்னத்தைத் துடைத்தாள். "மனசுல வச்சுக்காதம்மா. நாளைக்கு முதல் பாரி உன் தலையிலதான். உன் மக பேசுவா பாரு."

நளினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில் மருதமுத்து படித்த அந்தப் பக்கத்தை ஆசையாகப் புரட்டினாள். விரதமும் இல்லை, விளக்கும் இல்லை. உள்ளே போனவர்கள் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றுதான் போட்டிருந்தது.

"அப்போ உங்களுக்கு யாருங்க சொன்னது?"

தனேஷ் அசடு வழிந்தான். "நம்ம அறைய வச்சுதான் யூகிச்சேன். சொன்னது மருதமுத்து அண்ணன். ரகசியம்னு அவர் சொல்லவே இல்ல... ராஜம்மாக்கா தினமும் தூக்கத்துல ஒண்ணு விடாம ஒப்பிக்கிறாங்களாம்!"